'ஒண்ணுக்கு வருதா?'ன்னு யாருங்க கேட்டா?

முதல்லயே சொல்லிடறேன். இது ஒண்ணுக்குப் போறதைப் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவி வச்சுட்டு வாங்க. சிரிக்கிறவங்க இங்கயே சிரிச்சு முடிச்சுக்குங்க. கொஞ்சம் தள்ளிப் போனா எனக்குக் கோபம் வரும், அங்க சிரிச்சா நல்லா இருக்காது.

வழக்கமா இந்தப் பக்கத்துல பழைய பாட்டு, டிகிரி காப்பி, ஆபீஸ்ல புடுங்குன ஆணி இதுகளைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். இதை எழுத வச்சது பதிவுலக நண்பர் ஒருத்தர். போன மாசம் அவரோட குடும்பப் பயணப் பதிவு படிச்சிருப்பீங்க. நல்லா எழுதியிருந்தார், குறை சொல்லலை. அதுல நடுவுல ஒரு வரி. எட்டு மணி நேரப் பயணத்துல அவங்க அம்மா ஒரு தடவை கூட வண்டியை நிறுத்தச் சொல்லலையாம், அந்தக் காலத்து உடம்பு அப்படியாம். கீழ பின்னூட்டத்துல ஆளாளுக்கு 'எங்க அம்மாவும் அப்படித்தான்', 'எங்க பாட்டி இன்னும் ஸ்ட்ராங்'னு ஒரே பெருமை. நாலு வருஷத்துக்கு முன்னாடின்னா நானும் அதே பின்னூட்டத்தைத்தான் போட்டிருப்பேன். அதனாலதான் கோபம். கோபத்துல பாதி என் மேல.

எங்க அம்மாவுக்கு சர்க்கரை வந்து 17 வருஷம் ஆச்சு. கும்பகோணத்துல இருந்து சென்னைக்கு பஸ்ல வருவாங்க, ஏழு மணி நேரம். விழுப்புரம் பக்கம் மோட்டல்ல வண்டி நிக்கும்போது மத்தவங்க எல்லாம் இறங்கி ஓடுவாங்க, அம்மா மட்டும் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. 'எனக்கு எதுவும் வராதுடா'ம்பாங்க. வீட்டுல இது ஒரு பெருமை. அக்கா கல்யாணத்தன்னிக்கு விடிகாலை நாலு மணிக்கு எழுந்தவங்க சாயங்காலம் வரைக்கும் ஒரு இடத்துக்கும் போகாம பம்பரமா சுத்தினாங்கன்னு இன்னிக்கும் சொந்தக்காரங்க சொல்லுவாங்க. சித்தி அதைத் தன் மருமககிட்ட உதாரணமா வேற காட்டுவாங்க. பாவம் அந்தப் பொண்ணு.

வராததை அடக்க முடியாதுங்க. அம்மா அடக்கலை. அவங்களுக்குத் தெரியலை. மூத்திரப்பை ரொம்பியிருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்புங்க கொஞ்சம் கொஞ்சமா ஊமையாயிடுச்சு. நாங்க அதைப் பொறுமைன்னு பேர் வச்சுக் கொண்டாடிக்கிட்டு இருந்தோம்.

2021-ல முதல் தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன். ஆன்டிபயாடிக் அஞ்சு நாள், சரியாச்சு. மூணு மாசம் கழிச்சு மறுபடியும். மறுபடியும் மாத்திரை. நாலாவது தடவை குளிர் ஜுரத்தோட வந்தது. இதுக்கு நடுவுல இன்னொண்ணும் ஆரம்பிச்சிருந்தது. இருமினா, குனிஞ்சா, சில சமயம் சும்மா உக்காந்திருக்கும்போதே கொஞ்சம் கசிஞ்சுடும். ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்து போவாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டுதான் வரும். இதை அம்மா என்கிட்ட சொல்லலை. நான் பையன். தங்கமணிகிட்ட கூட நேரா சொல்லலை. துணி அடிக்கடி துவைக்கிறதைப் பார்த்து அவளாக் கேட்டதுக்கு அழுதிருக்காங்க.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பேரு ஊரு எல்லாம் வேணாம், கெட்டவர் இல்லை. 'வயசானா அப்படித்தான் இருக்கும்மா'ன்னு சொல்லிட்டு அடிக்கடி போறதைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை என்ன பண்ணும்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். மூத்திரப்பைத் தசை சுருங்கறதைத் தளர்த்தும். அவசரம் அதிகமா இருக்கிறவங்களுக்கு அது நல்ல மருந்து. ஆனா எங்க அம்மாவுக்குப் பிரச்சினை பை அதிகமா சுருங்கறது இல்லை. சுருங்கவே இல்லை. ரொம்பி வழியற தொட்டியோட அடியில இருந்த குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடின மாதிரி ஆச்சு. மூணு வாரத்துல கிரியாட்டினின் ஏறி, காலெல்லாம் வீங்கி, 102 டிகிரி ஜுரத்தோட அட்மிட்.

அங்க ஸ்கேன் பண்ணும்போதுதான் ஒரு சின்ன வயசு டாக்டர் 'ஒண்ணுக்குப் போயிட்டு வாங்கம்மா, மறுபடியும் பாக்கணும்'னார். அம்மா போயிட்டு வந்தாங்க. போயிட்டு வந்த பிறகும் உள்ள 410 மில்லி இருந்தது. ஒருத்தருக்குப் போன பிறகு அம்பது மில்லிக்குள்ள மிச்சம் இருந்தா கவலை இல்லை, நூறைத் தாண்டினா ஏன்னு பாக்கணும்னு சொன்னார். 410. அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கம்மி. சிறுநீரகம் ரெண்டும் லேசா வீங்கியிருந்தது.

அந்த 'போயிட்டு வாங்கம்மா'வுக்கு ஆன நேரம் அஞ்சு நிமிஷம். 17 வருஷத்துல முதல் அஞ்சு நிமிஷம்.

இப்ப கோபத்துக்கு வரேன்.

சர்க்கரைக்காரங்களை நம்ம ஊர்ல எப்படிப் பாக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். கால் பாதத்துல நைலான் இழை வச்சு அழுத்தி 'தெரியுதா, தெரியுதா'ன்னு கேப்பாங்க. அந்த இழை வளையறதுக்கு 10 கிராம் அழுத்தம் வேணும், அது தெரியலைன்னா பாதத்துல உணர்ச்சி போக ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இசைக்கவையைத் தட்டிக் கட்டை விரல்ல வைப்பாங்க, 128 ஹெர்ட்ஸ். பெரிய கிளினிக்ல பயோதீசியோமீட்டர்னு ஒரு மெஷின், அதிர்வை வோல்ட் கணக்குல காட்டும். எங்க அம்மாவோட ஃபைல்ல அந்த பாத ரிப்போர்ட் மட்டும் ஒன்பது இருக்கு. வருஷா வருஷம் ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி குறைஞ்சுக்கிட்டே வர்றது கலர் படமா பிரிண்ட் ஆகியிருக்கு. பாதத்து நரம்பு போகுதுன்னு ஒன்பது தடவை எழுதினவங்க, அதே சர்க்கரை மூத்திரப்பை நரம்பை மட்டும் சும்மா விட்டிருக்குமான்னு ஒரு தடவை கூடவா யோசிக்கலை?

இது புதுசாக் கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்லை. டென்மார்க்ல ஃப்ரிமொட்-முல்லர்ங்கற மருத்துவர் 1976-லயே இதைத் தனியா ஆராய்ஞ்சு 'டயபெட்டிக் சிஸ்டோபதி'ங்கற பேர்ல எழுதிட்டார். வழக்கமான வரிசை இதுதான். முதல்ல உணர்ச்சி குறையும். ரொம்பினது தெரியாது. அதனால போற தடவை குறையும், பை பெருசாகும். இழுபட்டு இழுபட்டு தசையும் சோர்ந்து போகும். மிச்சம் நிக்கும். நின்ன தண்ணியில கிருமி. கடைசியில கசிவு. (எல்லாருக்கும் இதே வரிசை இல்லை. சிலருக்கு ஆரம்பத்துல நேர்மாறா அவசரம்தான் ஜாஸ்தியா இருக்கும். அதனாலதான் ஆளைப் பார்த்து ஊகம் பண்ணாம டெஸ்ட் பண்ணணும்கறேன்.) இந்த வரிசையோட முதல் படியில, அதாவது பஸ்ல இறங்காம உக்காந்திருந்த காலத்துல, யாராவது பிடிச்சிருந்தா கடிகாரம் பார்த்துப் போறதோட முடிஞ்சிருக்கும். நாங்க பிடிச்சது கடைசிப் படியில.

அமெரிக்க நீரிழிவு சங்கத்தோட வழிகாட்டுதல்ல இதைப் பத்தி இருக்கு. அடிக்கடி இன்ஃபெக்‌ஷன், சிறுநீரகத் தொற்று, கசிவு, வயித்தைத் தொட்டாலே பை கைக்குத் தட்டுப்படறது, இதுல ஏதாவது இருந்தா மூத்திரப்பை எப்படி வேலை செய்யுதுன்னு சோதிக்கணும்னு. எங்க அம்மாவுக்கு அந்த நாலுல மூணு இருந்தது. நாலாவது இருந்ததான்னு எனக்குத் தெரியாது, ஏன்னா யாரும் வயித்தைத் தொட்டே பாக்கலை!

சரி, இந்த உணர்ச்சின்னா என்ன? பை விரியும்போது அதோட சுவர்ல இருக்கிற நுண்ணிய நரம்பு நுனிங்க இழுபடும். அந்தச் சேதி இடுப்பு நரம்பு வழியா முதுகுத் தண்டோட கடைசிப் பகுதிக்குப் போய், அங்க இருந்து மேல ஏறி மூளைத் தண்டுக்கும் மூளைக்கும் போகுது. நரம்புல ரெண்டு வகை. மெல்லிய உறை போட்ட ஏ-டெல்டா, உறையே இல்லாத சி. தினசரி 'ரொம்பிடுச்சு'ன்னு சொல்றது பெரும்பாலும் முதல் வகை. எரிச்சல், வலி, குளிர்ச்சி இதெல்லாம் சொல்றது ரெண்டாவது வகை.

இழுபடறதை நரம்பு எப்படி உணருதுங்கறதுக்கு விடை வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகுது. தொடு உணர்ச்சிக்கான பியெஸோ புரதங்களைக் கண்டுபிடிச்சதுக்காக ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021-ல நோபல் பரிசு கொடுத்தாங்கல்ல, அதே பியெஸோ-2 தான் மூத்திரப்பையிலயும் வேலை செய்யுதுன்னு 2020-ல நேச்சர் இதழ்ல கட்டுரை வந்தது. பிறவியிலயே அந்தப் புரதம் வேலை செய்யாத ரொம்பச் சில பேர் உலகத்துல இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணுக்கு வருதுங்கற உணர்ச்சி சரியாத் தெரியாது. சிலர் நேரம் பார்த்துத்தான் போறாங்க. அந்தக் கட்டுரையைப் பத்திப் படிச்சப்போ எனக்கு அம்மா முகம்தான் வந்தது. அவங்களுக்குப் பிறவியில வந்தது, எங்க அம்மாவுக்கு நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே வந்தது.

இதை எப்படி டெஸ்ட் பண்றாங்கன்னா, யூரோடைனமிக்ஸ். பேரைக் கேட்டு பயந்துக்காதீங்க. பென்சில் ஈயம் கனத்துக்கு ஒரு டியூப் மூத்திரப்பைக்குள்ள, இன்னொண்ணு ஆசனவாய்ல. முதல் டியூப் பைக்குள்ள இருக்கிற அழுத்தத்தைச் சொல்லும், ரெண்டாவது வயித்து அழுத்தத்தைச் சொல்லும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சா பையோட தசை மட்டும் எவ்வளவு முக்குதுன்னு தெரிஞ்சுடும். கணக்கு அவ்வளவுதான். அப்புறம் சலைன் தண்ணியை மெதுவா உள்ள விட்டுக்கிட்டே கேப்பாங்க. எப்ப முதல்ல ஏதோ ரொம்பற மாதிரி இருக்கு, எப்ப 'அடுத்து வசதிப்படும்போது போகலாம்'னு தோணுது, எப்ப 'இப்பவே போகணும்'னு தோணுது. உலக அளவுல இதுக்கான சங்கம் 2002-ல இந்த மூணு கட்டத்தையும் வரையறுத்து வச்சிருக்கு. சாதாரணமா 150, 200 மில்லி வாக்குல போகலாம்னு தோண ஆரம்பிக்கும், 400, 500-ல கால் பின்னும்.

கவனிச்சீங்களா? அழுத்தத்தை மெஷின் அளக்கும். உணர்ச்சியை மெஷின் அளக்காது. ஆளைத்தான் கேக்கணும். (மின்சாரத்தை லேசா விட்டு எத்தனை மில்லியாம்பியர்ல தெரியுதுன்னு பாக்கற முறை இருக்கு, அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தோட நின்னுடுது. ஐஸ் தண்ணியை உள்ள விட்டுப் பாக்கற பழைய முறையும் இருக்கு, 1957-ல போர்ஸ்ங்கறவர் முதுகுத் தண்டு அடிபட்டவங்ககிட்ட செஞ்சு பார்த்து எழுதினது. அது சி வகை நரம்பைப் பாக்கறதுக்கு.)

எங்க அம்மாவுக்கு இது நடந்தது ஒரு அரசு மருத்துவமனையில. நான் வெளிய பெஞ்சுல. தங்கமணி உள்ள இருந்தா, அவ சொன்னது இது. தண்ணி போக ஆரம்பிச்சு 120 மில்லி ஆனதும் சிஸ்டர் 'ஏதாவது தெரியுதாம்மா'ன்னு கேட்டிருக்காங்க. அம்மா உடனே 'தெரியுது தெரியுது'. கொஞ்ச நேரம் கழிச்சு 'இப்ப கூடுதா?' 'ஆமாம்மா, கூடுது'. சிஸ்டர் சிரிச்சுட்டாங்களாம். 'அம்மா, தண்ணிய நிறுத்தி ரெண்டு நிமிஷமாச்சு. நான் என்ன நினைப்பேன்னு சொல்லாதீங்க. உங்களுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க.'

இதைக் கேட்டப்போ எனக்கு பெஞ்சுலயே தொண்டை அடைச்சுது. எங்க அம்மா வாழ்க்கை முழுக்க அப்படித்தான். பசிக்குதான்னா இல்லை, வலிக்குதான்னா இல்லை, கேக்கறவங்க மனசு எதை விரும்புதோ அதுதான் பதில். அந்த சிஸ்டர் குழாயை மூடி வச்சுக் கேட்டுக் கண்டுபிடிச்சாங்க. இத்தனை வருஷம் கூட இருந்து நாங்க கண்டுபிடிக்கலை.

அப்புறம் அம்மா வாயைத் திறக்கலை. 200, 300, 400. ஒண்ணுமில்லை. 480-ல 'அடிவயித்துல லேசா கனமா இருக்கும்மா'ன்னாங்க. 700-ல நிறுத்திட்டாங்க, அப்பவும் 'அவசரம்' வரலை. போகச் சொன்னப்போ கோடு ஏறவே இல்லை, வயித்தை முக்கி 180 வந்தது. மீதி 520 உள்ளயே. அதே டெஸ்ட்டோட சேர்த்து அந்த டாக்டரம்மா உக்கார்ற இடத்துல, தொடை நடுவுல, குண்டூசி முனையும் பஞ்சும் வச்சுத் தொட்டுப் பார்த்திருக்காங்க. முதுகுத் தண்டோட கடைசி நரம்புங்க வேலை செய்யுதான்னு பாக்க அதுக்கு மேல எளிய வழி கிடையாது. செலவு ஒரு குண்டூசி. யாரும் செய்யறதில்லை, ஏன்னா கூச்சம். நோயாளிக்குக் கூச்சம், டாக்டருக்கும் கூச்சம். (ஒரு முக்கியமான இடைச்செருகல்: முதுகு வலி இருக்கிறவங்களுக்கு திடீர்னு அந்த இடம் மரத்துப் போய், ஒண்ணுக்கும் நின்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அது அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ்.)

இப்ப பின்னூட்டத்துல யாராவது ஒரு டாக்டர் நண்பர் வந்து 'எல்லாருக்கும் யூரோடைனமிக்ஸ் பண்ணச் சொல்றீரா'ன்னு கேப்பார். இல்லைங்க. நானும் கொஞ்சம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். சாதாரண இருமல்-கசிவுக்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணினாலும் பண்ணாட்டியும் பலன் ஒண்ணுதான்னு 2012-ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் விஷயத்துல இதை எல்லாருக்கும் பண்ணினா ஆபரேஷன் எண்ணிக்கை குறையுமான்னு இங்கிலாந்துல 26 ஆஸ்பத்திரிகள்ல பார்த்து 2020-ல எழுதினாங்க. குறையலை. ரெண்டையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆய்வுங்க எல்லாம் சிக்கல் இல்லாத கேஸுக்கு. நரம்பு கெட்டவங்களை அதுல சேர்க்கலை. 'தேவையில்லாத டெஸ்ட்'னு அந்த ஆய்வைக் காட்டி 17 வருஷ சர்க்கரைக்காரங்களை வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னுதான் சொல்றேன்.

நான் கேக்கறது பெரிய டெஸ்ட்டே இல்லை. ஒரு கேள்வி. 'ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க, போகணும்னு தோணிப் போறீங்களா, பழக்கத்துக்குப் போறீங்களா, போன பிறகு காலியான மாதிரி இருக்கா?' பாதத்துல இழை வச்சு அழுத்தற நேரத்துல பாதி நேரம் கூட ஆகாது. அப்புறம் அந்த ஸ்கேன். வயித்து ஸ்கேனுக்குப் போனா ஒரு லிட்டர் தண்ணியைக் குடிக்க வச்சு, முட்டிக்கிட்டு நிக்கிற வரைக்கும் வராண்டாவுல உக்கார வைக்கிறாங்கல்ல? ரொம்பின பையைப் பாக்கத் தெரிஞ்சவங்களுக்குக் காலியான பையைப் பாக்க என்ன கேடு? ஆம்பளைன்னா ப்ராஸ்டேட்டுக்காக பெரும்பாலும் பாத்துடறாங்க. அம்மாவோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஆறையும் எடுத்து அடுக்கிப் பார்த்தேன், ஆறுலயும் 'மூத்திரப்பை நன்கு விரிந்துள்ளது, இயல்பு'. நன்கு விரிந்துள்ளதாம்! ஆறு தடவை கண்ணு முன்னாடி விரிஞ்சு நின்னிருக்கு. யாரும் 'போயிட்டு வாங்கம்மா'ன்னு சொல்லலை.

பண்டிகைக்குப் பண்டிகை மாஸ்டர் ஹெல்த் செக்கப்னு நோட்டீஸ் கொடுக்கறாங்க. அறுபது டெஸ்ட், எழுபது டெஸ்ட். வைட்டமின் எல்லாம் எழுத்து வாரியா இருக்கும். நான் பார்த்த நோட்டீஸ் ஒண்ணுல கூட போன பிறகு மிச்சம் எவ்வளவுங்கறது இல்லை. 2021-ல இருந்து அரசாங்கமே மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு வீடா வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்குது. நல்ல விஷயம். வாசல் வரைக்கும் வர்ற அந்த அக்காக்கள் கையில இருக்கிற பேப்பர்ல இந்த ஒரு கேள்வி ஏறினா எத்தனை பேரைப் பிடிக்கலாம்! இந்தியாவுல சர்க்கரை உள்ளவங்க 10 கோடிக்கு மேலன்னு 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. பஸ்ல இறங்காம உக்காந்திருக்கிற அம்மாக்கள் அதுல எத்தனை பேரோ.

டாக்டரை மட்டும் திட்டினா நியாயம் இல்லை. நமக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தையே இல்லை பாருங்க. சிறுநீர்னா பாடப்புத்தகம். மூத்திரம்னா கெட்ட வார்த்தை மாதிரி முகம் சுளிப்போம். யூரின்னா லேப். எங்க அம்மா 'தண்ணி பிரியலை'ம்பாங்க, அதையும் குரலைத் தாழ்த்தி. சினிமாவுல இது எப்பவும் காமெடிதான். ஒருத்தன் தொடையை இடுக்கிக்கிட்டு ஓடினா நாம விழுந்து விழுந்து சிரிப்போம். இதுல பொம்பளைங்க நிலைமை வேற. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குள்ள ஒரு தடவை போய்ப் பாருங்க, மூக்கைப் பொத்திக்கிட்டாவது. அதுக்குப் பயந்தே காலையில இருந்து தண்ணி குடிக்காம கிளம்புற பொண்ணுங்க உங்க ஆபீஸ்லயே இருப்பாங்க. ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டே வேலை பாக்கற பொண்ணுங்களைக் கேளுங்க. இப்படி 'அடக்கறது பொம்பளை லட்சணம்'னு வளர்க்கப்பட்ட ஒருத்தருக்கு நிஜமாவே உணர்ச்சி போனா, அது வியாதின்னு எப்படித் தெரியும்? நல்ல குணம்னுதானே தெரியும்? போன மாசப் பதிவுல நாம பண்ணினதும் அதுதான். நண்பர் கோச்சுக்கக் கூடாது. அம்மாவுக்கு சர்க்கரை இருந்தா தயவு செஞ்சு ஒரு ஸ்கேன் எடுங்க, போறதுக்கு முன்னாடி ஒண்ணு, போன பிறகு ஒண்ணு. எல்லாம் சரியா இருந்தா எனக்கு ஒரு திட்டு பின்னூட்டம் போடுங்க, சந்தோஷமா பப்ளிஷ் பண்றேன்.

அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு கேப்பீங்க. போன நரம்பு திரும்பி வரலை. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொபைல்ல அலாரம். தோணினாலும் தோணாட்டியும் போகணும். போன பிறகு அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் உக்காரணும். ஒரு நாளைக்கு மூணு தடவை அவங்களே சின்ன டியூப் போட்டு மிச்சத்தை எடுத்துடறாங்க. முதல் தடவை டியூப்னு சொன்னப்போ ரெண்டு நாள் சாப்பிடலை. அமெரிக்காவுல லேபிடஸ்ங்கற டாக்டர் 1972-லயே எழுதினது, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வீட்டுலயே போட்டுக்கலாம், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் எல்லாம் வேணாம், பை ரொம்பி இழுபடாம இருக்கிறதுதான் முக்கியம்னு. அந்த சிஸ்டர்தான் கண்ணாடி வச்சு சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு வாரத்துல அம்மா பழகிட்டாங்க, 'மூக்குத்தி மாட்டறதை விட சுலபம்டா'ங்கறாங்க. இன்ஃபெக்‌ஷன் அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவைதான். கிரியாட்டினின் 2.1-ல இருந்து 1.4-க்கு இறங்கி நிக்குது. பழைய 0.9-க்குப் போகலை, போகாதுன்னு சொல்லிட்டாங்க.

தை மாசம் ஊர்ல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருந்தப்போ அம்மா மொபைல் அடிச்சது. எழுந்தாங்க. சித்தி கிண்டலா, 'அக்கா முன்ன மாதிரி இல்லை, மணியடிச்சா ஓடறா. நான் எல்லாம் காலையில போனதுதான்'னாங்க. சித்திக்கும் சர்க்கரை, 11 வருஷம்.

அம்மா நின்னு திரும்பினாங்க. 'ஏண்டி, உனக்கு வருதா, வரலையா?'

'சும்மா இருக்கா, ஆம்பளைங்க எல்லாம் இருக்காங்க.'

'இருக்கட்டும். சொல்லு, வருதா?'

பி.கு: வீட்டுலயே மூணு நாள் கணக்கு எழுதிப் பாக்கணும்னா ஒரு அளவு மக் போதும். மணி என்ன, எவ்வளவு வந்தது, தோணிப் போனீங்களா தோணாமப் போனீங்களா, இந்த மூணு கட்டம் போட்ட நோட்டு. தங்கமணி கேக் பண்ண வச்சிருந்த ஒரு லிட்டர் மக்கை நான் கேக்காம எடுத்துட்டேன், அதனால வீட்டுல தனியா ஒரு பிரச்சினை ஓடிக்கிட்டிருக்கு. நீங்க புதுசாவே வாங்கிடுங்க. பழைய பாட்டுப் பதிவு அடுத்த வாரம்.